பின் சக்கரத்தில் இரண்டு பிரேக்!



1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நம்ம எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் கார்! 1955-இல் அசோக் லேலண்ட் ஆன பிறகுதான் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போனது. இந்த ஏரியாவில் டிப்ளமோ படிக்கிற நாம், வீட்டு வாசலில் நிற்கும் காரின் பிரேக்கை மாற்றத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மாருதி 800, ஆல்டோ போன்ற கார்களில் பின்னால் டிரம் பிரேக். ஆக்டேவியா போன்றவற்றில் பின்னாலும் டிஸ்க் உண்டு. முன் டிஸ்க் மாற்றிப் பழகியவர், "இதுவும் அதேதானே" என்று ஸ்பேனரைத் தூக்கினால் மாட்டிக்கொள்வார். ஏனென்றால் பின் சக்கரத்தில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு பிரேக். கால் பிரேக்கோடு ஹேண்ட் பிரேக்கும் அங்கேதான் குடியிருக்கிறது.

பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் பெரும்பங்கு வேலையை முன் சக்கரமே செய்கிறது. பின் டிஸ்க் குறைவாகத்தான் உரசும். காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று. உரசல் குறைவாக இருப்பதால் டிஸ்க்கில் ஏறிய துரு தேய்ந்து போவதில்லை. கேலிப்பர் நகர உதவும் பின்களும் இறுகிவிடும். உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் ஏறுக்குமாறாகத் தேய்ந்திருந்தால், முதலில் அந்தப் பின்களைச் சந்தேகப்படுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டியானால் கியரிலும் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பேட் வெளியே வராது. வீல் நட்டை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே லேசாகத் தளர்த்துங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. பாரத்தில் அது நொறுங்கினால் பேச்சே இல்லை!

கேலிப்பர் போல்ட்டைக் கழற்றி, கேலிப்பரைக் கம்பியால் மேலே கட்டுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் கெடும். பிரேக் தூசியை வாயாலோ ஏர் வைத்தோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து, பேட் தாங்கியைக் கழற்றி டிஸ்க்கை எடுக்க வேண்டும். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றியே தீரவேண்டும். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்குக்கென்று டிஸ்க்கின் நடுவே சின்ன டிரம்மும் ஷூவும் இருக்கும். டிஸ்க் வராமல் அடம்பிடித்தால் சுத்தியலோடு மல்லுக்கட்டாமல், முதலில் அந்த ஷூவைத் தளர்த்துங்கள். ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். ஒரு துரும்பு துரு நின்றாலும் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, மிதிக்கும்போது பெடல் அதிரும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயையும் துடைத்தெடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். புது பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முன் கேலிப்பரில் கிளாம்ப் போட்டு அமுக்கினால் போதும். பின்னால், ஹேண்ட் பிரேக் கேபிள் நேராகக் கேலிப்பருக்கே வந்தால், பிஸ்டனுக்குள் திருகு இருக்கிறது என்று அர்த்தம். அதற்குரிய கருவியால் அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். வெறுமனே அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடையும், கேலிப்பரே போச்சு! ஹேண்ட் பிரேக் லீவருக்குப் பதில் பட்டன் உள்ள வண்டியில் மோட்டார் இருக்கும். ஸ்கேனரிலோ கம்பெனி சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் அதைத் தொடவே கூடாது. பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட் உரியும், கவனம்.

பின்களுக்கு பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேட், டிஸ்க் முகத்தில் ஒரு துளிகூடப் படக்கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட்டுகளை மேனுவல் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள்; கை மதிப்பு இங்கே செல்லாது.

வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும்! அது கெட்டியான பிறகுதான் ஸ்டார்ட். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஆளில்லாத சாலையில், வண்டி முழுதும் நிற்காதபடி, மிதமாகப் பலமுறை பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு பேடைப் பழக்குங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் நெடுஞ்சாலை அதற்கான இடமல்ல.

முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல் பஞ்சு மாதிரி இருந்தாலோ ஆயில் கசிந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். ஒர்க்ஷாப்பிலிருந்து ஆளை வரவழையுங்கள். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி நிற்காது. அதனால்தான் தோழர்களே, ஸ்பேனரை எடுக்கும் முன் ஹேண்ட் பிரேக் எங்கே வேலை செய்கிறது என்று குனிந்து பாருங்கள்!