நீலகிரிக்கு வந்த விருந்தாளி மீன்

தேவ்நார், செம்பூர்ப் பகுதியில் குடியிருக்கும் நமக்கு மீன் என்றால் கோலிப் பெண்கள் விற்கும் பாப்லெட்டும் சுர்மையும் பொம்பிலும்தான். ஊர் நினைவு வந்தால் கெண்டை, விரால், கெளுத்தி என்று ஆற்று மீனும் குளத்து மீனும் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்காட்லாந்து நாட்டுத் துரைமார்கள் இறகு கட்டிய தூண்டிலால் பிடித்து மகிழும் டிரவுட் மீன், நம் தமிழ்நாட்டிலேயே நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது என்றால் நம் பிள்ளைகளில் பலர் நம்பமாட்டார்கள். சித்திரை, வைகாசி இளவேனிற்காலத்தில், பள்ளி விடுமுறைக்கு ஊட்டி போகிறவர்கள் ரோஜாத் தோட்டத்தையும் படகுத் துறையையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். ஊட்டியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, அவலாஞ்சியில் இந்த மீனின் கதை இருக்கிறது.

முட்டையாய் வந்த மீன்

நீலகிரியின் உயரமான ஓடைகளில் குளிர்ந்த தெளிந்த நீர் உண்டு. தூண்டிலுக்கு ஏற்ற பெரிய மீன் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு இது பெரிய குறையாக இருந்தது. ‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூலை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1863-ல் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முதல் முயற்சி செய்தார். நீண்ட கப்பல் பயணம், வெப்பமண்டலக் கடல்! அந்த முயற்சி பலிக்கவில்லை.

மீன் வருவதற்கு முன்பே அதைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது என்பது வேடிக்கை. 1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் சுமார் கால் நூற்றாண்டு கழித்து, எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரின் முயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகள் வந்தன. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் இங்கே நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் நிலைத்துவிட்டது. உடலின் பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையால் வந்த பெயர் அது.

இதே காலத்தில் காஷ்மீரிலும் கதை ஓடியது. 1899-ல் வந்த முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அங்கே பழுப்பு டிரவுட்தான் முதலில் வேரூன்றியது. இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்குக்கு 1909 வாக்கில் போயிற்று. தெற்கே, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் உழைத்து உருவாக்கிய மூணாறு மலைகளிலும் வானவில் டிரவுட் விடப்பட்டது.

டிரவுட் இனப்பெருக்கம் குளிர்காலத்தில் நடக்கிறது. பொரிப்பகத்தில் பெண்மீனின் வயிற்றை மெதுவாக அழுத்தி முட்டைகளைத் தட்டில் எடுத்து, ஆண்மீனின் விந்துடன் கலந்து, ஓடும் குளிர்நீரில் வைக்கிறார்கள். நீரின் வெப்பம் 10 டிகிரி இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். அதுவரை பழுதான முட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றில் பூஞ்சை பிடித்தால் பக்கத்திலுள்ளவற்றுக்கும் பரவும். குழந்தை வளர்ப்பதுபோன்ற வேலை என்றால் மிகையில்லை.

நூலே எடை

நம் ஊரில் தூண்டில் போடும்போது மண்புழுவைக் கோத்து, ஈயக் குண்டும் தக்கையும் கட்டி வீசுகிறோம். குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. டிரவுட் தூண்டிலில் இது தலைகீழ். கொக்கியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய, காற்றில் பறக்கும் எடையுள்ள பொய்ப் பூச்சி. எடை நூலில்தான் இருக்கிறது. தடித்த நூலைப் பின்னால் வீசி, அது முழுவதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீசினால், அந்த நூலே பூச்சியைச் சுமந்துபோய் நீரில் மெல்ல இறக்கும். அந்த ஒரு கணப் பொறுமை இல்லாதவனுக்கு நூல் பின்னாலேயே விழுந்து புதரில் சிக்கும்.

மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, மிதந்து வரும் இரைக்குக் காத்திருக்கும். ஆகவே கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுப் பக்கமாக அணுக வேண்டும். மழைக்கு முந்தைய மாதங்களில் ஓடை வற்றித் தெளிந்திருப்பதால் மனித நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். நீருக்குள் மாதக்கணக்கில் வளர்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழும் பூச்சிகள் பறக்கத் தொடங்கும்போது மீனும் மேலே வரும். அந்தப் பூச்சியின் அளவையும் நிறத்தையும் ஒத்த பொய்ப் பூச்சிக்குத்தான் அது ஏமாறும்.

இங்கே நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. பொய்ப் பூச்சி கட்டுவோர் உலகமெங்கும் தேடிய இறகு, நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. அதிலுள்ள மெழுகு போன்ற மஞ்சள் புள்ளிகள் நீரில் சிறு மீனின் கண்போல மின்னும். பெருமையோடு வருத்தமும் சேர்கிறது. இந்த ஆசைக்காக எத்தனையோ பறவைகள் கொல்லப்பட்டன. 1902-லேயே இறகு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்பறவையைக் காக்கிறது. இன்று வெளிநாட்டில் வளர்க்கப்படும் கோழிகளிலிருந்து அந்த இறகு கிடைக்கிறது.

விருந்தாளியா, ஆக்கிரமிப்பாளனா?

டிரவுட் வாழக் குளிர்நீர் வேண்டும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது 8 ஆகக் குறைகிறது. நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே இந்த மீன் இரையைக் குறைக்கும்; 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

நீலகிரியில் நீரைக் குளிரவைத்துத் தேக்குவது சோலைக்காடும் புல்வெளியும். அவற்றின் இடத்தில் சீகை மரமும் தைல மரமும் நட்டோம். தைலத் தோட்டம் ஓடை நீரைக் குறைக்கிறது என்று கிளன்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டியது. 1950களின் பிற்பாதியில் கனடா நாட்டு உதவியுடன் தொடங்கிய குந்தா மின் திட்டம் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளைத் தந்தது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, ஓடைகளின் போக்கு மாறியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் இடம்பெற்றுள்ளன. போன இடத்துப் பூச்சியையும் தலைப்பிரட்டையையும் சிறு மீனையும் தின்றுவிடும் என்பதே குற்றச்சாட்டு. உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இது சிறிய விஷயமன்று. 1990-ல் தேசியப் பூங்காவான முக்கூர்த்தியில் வரையாடும் தவளையும் முதலில் வரவேண்டும், தூண்டில்காரர் பின்னால்தான்.

அப்படியானால் என்ன செய்வது? நூறாண்டாக இருக்கும் மீனை முற்றாக ஒழிப்பது எளிதல்ல. புதிய ஓடைகளில் விடாமல், ஏற்கெனவே உள்ள அணை நீரிலும் பொரிப்பகத்திலும் அதை வைத்துக்கொண்டு, காட்டு ஓடைகளைத் தவளைக்கும் உள்ளூர் மீனுக்கும் விட்டுவிடுவதே நியாயமாகத் தோன்றுகிறது. பிழைப்புக்காக வேற்றூர் வந்து வாழும் நமக்கு இது புரியாததல்ல. வந்த இடத்தில் வாழலாம், வளரலாம். முன்பிருந்தவனின் சோற்றில் கை வைக்கக் கூடாது.

போகிறவர்களுக்கு

லோக்மான்ய திலக் டெர்மினஸிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலில் ஏறினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கு வாகனத்தில் செல்வோருக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சிக் காட்டுக்குள் வனத்துறையின் வண்டியில்தான் போக முடியும். அனுமதியின்றி எந்த ஓடையிலும் தூண்டில் போடாதீர்கள். நீரோடைக்குப் போகும் மழைக்காலப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறக்க வேண்டாம்.

தூண்டில் இல்லாவிட்டால் என்ன? ஓடைக்கரையில் ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். அந்தப் பூச்சி இருக்கும்வரை நீர் நன்றாக இருக்கிறது என்று பொருள்.