பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பெட்ரோலா, டீசலா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

புதுக் கார் வாங்க வசதி இல்லாத குடும்பங்களுக்குப் பழைய கார்தான் கைகொடுக்கிறது. தோட்டத்திலிருந்து நகருக்கு வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல, மருத்துவமனைக்கு ஓட ஒரு வண்டி வேண்டும். விற்பனைக் கூடத்தில் ஐந்து அல்லது ஏழு ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடும் நேரத்தில் பலருக்கும் எழும் கேள்வி, பெட்ரோலா டீசலா என்பதுதான்.

"டீசல்தான் மலிவு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், இன்ஜின் உழைக்கும்" என்பது நம்மவர்களிடையே நீண்ட காலமாகப் புழங்கும் பேச்சு. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. தீபகற்ப மலேசியாவில் இன்று அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. இது தெரியாமல் முன்பணம் கட்டினால், தவணை முடியும்வரை எண்ணெய் நிலையத்தில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கணக்கு எப்போது மாறியது?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அதுவரை லிட்டர் 2.15 வெள்ளியாக இருந்த டீசல் ஒரே நாளில் 3.35 வெள்ளியானது. அதன்பிறகு சந்தை நிலவரத்துக்கு ஏற்ப விலை ஏறி இறங்கி வருகிறது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் அப்போது 2.15 வெள்ளியே நீடித்தது.

பெட்ரோல் நிலைமை வேறு. 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தின் கீழ், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் மலேசியர்கள் மைகார்டைப் பயன்படுத்தி ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு வாங்க முடிந்தது. திட்டம் தொடங்கியபோது ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் என வரம்பு வைக்கப்பட்டது.

ஆக, முன்பு ஏறத்தாழ ஒரே விலையில் இருந்த இரண்டு எண்ணெய்களுக்கும் இடையே இப்போது பெரிய இடைவெளி விழுந்திருக்கிறது.

மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால்...

ஒரே அளவுள்ள இரண்டு குடும்ப வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2,000 சிசி பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரும், 2,200 சிசி டீசல் வண்டி 14 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் பெட்ரோல் சுமார் 109 லிட்டர், டீசல் சுமார் 86 லிட்டர் வேண்டும்.

உதவித்தொகை நிறுத்தப்படுவதற்கு முன், பெட்ரோல் 2.05 வெள்ளி, டீசல் 2.15 வெள்ளி. பெட்ரோல் வண்டிக்கு மாதம் 223 வெள்ளி, டீசல் வண்டிக்கு 185 வெள்ளி ஆகும். டீசல்காரருக்கு 38 வெள்ளி மிச்சம்.

இப்போது பெட்ரோல் 1.99 வெள்ளி, டீசல் 3.00 வெள்ளி என்று வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கு 217 வெள்ளி, டீசல் வண்டிக்கு 258 வெள்ளி. அதே வண்டி, அதே பாதை. ஆனால் டீசல்காரர் மாதம் 41 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சிறிய 1,500 சிசி பெட்ரோல் கார் போதும் என்றால் எண்ணெய்ச் செலவு 160 வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

எந்த வாரத்திலும் பயன்படும் எளிய வழி ஒன்று உண்டு. அன்றைய டீசல் விலையைப் பெட்ரோல் விலையால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன விலைகளில் விடை ஏறத்தாழ 1.5. அப்படியானால் டீசல் வண்டி ஒரு லிட்டரில் பெட்ரோல் வண்டியைவிட ஒன்றரை மடங்கு தூரம் ஓடினால்தான் செலவு சமமாகும். ஒரே அளவு வண்டிகளில் டீசல் பொதுவாகக் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக ஓடும்.

மாத உதவி கிடைக்குமா?

புடி மடானி திட்டத்தில் தகுதி பெற்ற டீசல் வாகன உரிமையாளர்களுக்கு, திட்டம் தொடங்கியபோது மாதம் 200 வெள்ளி அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தால் மேற்கண்ட கணக்கு மீண்டும் டீசல் பக்கம் சாயும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. கணவன் மனைவி இருவருடைய ஆண்டு வருமானம் சேர்ந்து ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டக் கூடாது. வண்டி விண்ணப்பதாரரின் பெயரில் பதிவாகி, சாலை வரி நடப்பில் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட ஆடம்பர வண்டிகளுக்கு உதவி இல்லை. செம்பனை, ரப்பர் போன்ற பயிர் செய்யும் சிறுதோட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

அண்ணன் பெயரில் வண்டியை வாங்கித் தம்பி ஓட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் அதிகம். அப்படி வாங்கினால் உதவி யாருக்குக் கிடைக்கும், கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். விற்பனையாளர் "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று சொல்வதை நம்பி அந்த 200 வெள்ளியைத் தவணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அன்றைய நிபந்தனையைத் திட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

குறுகிய ஓட்டம் டீசலுக்கு ஆகாது

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இந்த அழுத்தத்தைத் தாங்கவே டீசல் இன்ஜின் கனமாகச் செய்யப்படுகிறது. குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவிசை தருவதால் பாரம் ஏற்றவும் மேடு ஏறவும் அது சிறந்தது.

அண்மைக்கால டீசல் கார்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள இன்ஜின் நன்கு சூடாகி, கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கும் கடைக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். வடிகட்டியையோ இன்ஜெக்டர்களையோ டர்போவையோ மாற்ற வேண்டி வந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். பழைய பிக்-அப்கள் பலவற்றில் இந்த வடிகட்டி இல்லை. எனினும் இன்ஜெக்டரும் டர்போவும் அவற்றுக்கும் உண்டு.

பெட்ரோல் மைவியையோ சாகாவையோ எந்தச் சிறு பட்டணத்துப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கும். சாலை வரியும் குறைவு. தீபகற்பத்தில் 1,401 முதல் 1,600 சிசி வரையிலான தனியார் சலூன் காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளிதான். டீசல் வண்டிகள் பெரும்பாலும் 2,000 சிசிக்கு மேல் இருப்பதால் வரி பல மடங்கு ஏறலாம்.

டீசல் யாருக்குப் பொருந்தும்?

ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே வாரம் நான்கைந்து முறை சரக்கோடு ஓடுபவர், செம்பனைக் குலைகளை ஏற்றும் சிறுதோட்டக்காரர், புல்வெட்டும் இயந்திரங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் குத்தகையாளர் ஆகியோருக்கு டீசல் பிக்-அப் இன்றும் ஏற்றதுதான். அந்த வேலையைச் சிறிய பெட்ரோல் கார் செய்யாது. சபா, சரவாக்கில் வசிப்போரும் அங்குள்ள டீசல் விலையை வைத்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

• இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் காலைக் கிளப்பலில் உள்ள கோளாறு தெரியாது.

• புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் கறுப்பு எண்ணெய் எரிகிறது. டீசலில் தொடர்ந்து கரும்புகை வந்தால் இன்ஜெக்டர், டர்போ அல்லது காற்று வடிகட்டியில் கோளாறு இருக்கலாம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால், குளிர்விக்கும் நீர் இன்ஜினுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

• டீசல் இன்ஜின் ஓடும்போது கறுப்பு எண்ணெய் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புகை குபுகுபுவென வெளியேறினால் இன்ஜின் உள்ளே தேய்ந்திருக்கலாம்.

• தோட்டத்தில் ஓடிய பிக்-அப் என்றால் அடிப்பாகத்தைப் பாருங்கள். சேறும் உரமும் இரும்பை அரித்துவிடும். அதிக பாரம் ஏற்றியிருந்தால் பின்பக்கப் பட்டைச் சுருள்கள் தளர்ந்திருக்கும்.

• டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, ரசீதைப் பாருங்கள்.

• பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் தேறியதால் மட்டும் இன்ஜினின் உள்நிலை நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. விற்பவருக்குத் தெரிந்த பட்டறையைத் தவிர்த்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்.

கடைசியாக, மாதத் தவணை, எண்ணெய், பராமரிப்பு, பன்னிரண்டாகப் பிரித்த காப்புறுதியும் சாலை வரியும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பெட்ரோலுக்கு ஒரு தாள், டீசலுக்கு ஒரு தாள். விலை அட்டையில் மூவாயிரம் வெள்ளி குறைவாகத் தெரியும் டீசல் கார், மாதம் 41 வெள்ளி கூடுதல் எண்ணெய்ச் செலவில் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 2,460 வெள்ளியைத் திருப்பி வாங்கிவிடும். அதற்குள் ஒரே ஒரு முறை இன்ஜெக்டர் பழுதானாலும் மிச்சம் எதுவும் இருக்காது.