ரோட்டை உழும் சக்கரம்!

கோபிசெட்டிபாளையம் பக்கம் நடவுக் காலத்தில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கன்னங்கரேல் என்று கிடக்கும் தார் ரோட்டில் குறுக்கும் குறுக்குமாக வெட்டுத் தழும்புகள். பெரிய பூரான் ஒன்று ஊர்ந்து போனதுபோல இரண்டு வரிசை. வளைவு வரும் இடத்தில் தார் பெயர்ந்து ஜல்லி பல்லைக் காட்டும்.

"கேஜ் வீல்" பூட்டிய டிராக்டர் போன தடம் அது.

"ஏனுங்க மாப்பிள்ளை, வயலை உழச் சொன்னா ரோட்டையும் சேர்த்து உழுதுட்டு வந்துட்டீங்க?" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். ஆனால் இது கேலியோடு போகிற காரியம் அல்ல. இந்த இரும்புச் சக்கரம் பொது ரோட்டில் ஓடலாமா, கூடாதா? நெல் விளைகிற ஊர்களில் எல்லாம் இந்த வழக்கு இருக்கிறது.

கூண்டுச் சக்கரம்

கேஜ் என்றால் கூண்டு. இரும்பு வளையங்களை வைத்து, குறுக்கே இரும்புப் பட்டைகளைப் பற்ற வைத்திருப்பார்கள். கோழிக் கூண்டை உருட்டி விட்டாற்போல இருக்கும். டிராக்டரின் பின்பக்க ரப்பர் டயர்களைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டுகிறார்கள்.

எதற்காக? சேற்று உழவுக்காக!

நெல் நடுவதற்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, மண்ணைக் கூழாகக் கலக்க வேண்டும். அப்போதுதான் நாற்று சுலபமாக வேர் பிடிக்கும். கட்டிய தண்ணீரும் சட்டென்று உள்ளே இறங்கிப் போகாது. அந்தச் சேற்றில் ரப்பர் டயர் இறங்கினால் என்ன ஆகும்? டயரின் பள்ளங்களில் சேறு அப்பிக்கொள்ளும். சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றும். கூண்டுச் சக்கரத்தில் பட்டைகளின் இடைவெளி வழியாகச் சேறு வழிந்துவிடும். பட்டைகள் ஒவ்வொன்றாகக் கால் ஊன்றி நடக்கும். நடக்கும்போதே சேற்றை மிதித்துக் கலக்கும். புல்லையும் தழையையும் உள்ளே அமுக்கும்.

வயலில் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கும் சக்கரம், ரோட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் கெட்ட பிள்ளை ஆகிறது?

உள்ளங்கையும் உளியும்

டிராக்டரின் கனம் சுமார் 2 டன். காற்று அடைத்த டயர் அந்தக் கனத்தைப் பரப்பிக் கொடுத்துவிடுகிறது. டயருக்குள் காற்றின் அழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம்தான் தரையில் விழும். கேஜ் வீலும் சேற்றில் புதைந்து நிற்கும்போது பல பட்டைகள் சேர்ந்து சுமக்கும். கெட்டியான தார் ரோட்டில் அப்படி இல்லை. ஒரு பட்டை, மிஞ்சினால் இரண்டு பட்டை தரையில் படும். அதிலும் விளிம்பு மட்டும்! பலகையை உள்ளங்கையால் அழுத்துவதற்கும், உளியை வைத்து அழுத்துவதற்கும் எவ்வளவு வித்தியாசம்?

கிராமத்து ரோட்டின் மேல்தோலும் கெட்டியானது அல்ல. 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட ரோடுகள் பலவற்றில் தார்க் கலவையின் கனம் 20 மில்லி மீட்டர்தான். ஒரு பெருவிரல் அகலம்! அதற்குக் கீழே ஜல்லி. ஜல்லிக்குக் கீழே மண்.

தாரில் வெட்டு விழுந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஜல்லி இளகும். அதன்மேல் பஸ் ஏறும். குழி விழும். நடவு முடிந்து டிராக்டர் போய்விட்டாலும் குழி போகாது. பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிளும், பள்ளிக்கூட வேனும், பிரசவத்துக்குப் போகிற ஆம்புலன்சும் அந்தக் குழியில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

தண்ணீர் காத்திருக்காது

விவசாயியின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்காலின் நீளம் 200 கிலோ மீட்டர். பாயும் நிலம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். இதில் பாதி நிலத்துக்கு நெல்லுக்காகத் தண்ணீர் விடுவார்கள். மறு பாதிக்குப் பிறகு புன்செய்ப் பயிருக்கு விடுவார்கள். நெல்லுக்கு வழக்கமாக ஆகஸ்டு மாத நடுவில் மதகு திறக்கும். டிசம்பர் நடுவில் அடைத்துவிடும். இந்த நாலு மாதத்துக்குள் பயிர் தேறியாக வேண்டும். ஆகவே, எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் சேற்று உழவு! கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் பாயும் சுமார் 24,500 ஏக்கரிலும் தண்ணீர் வந்தால் இதே ஓட்டம்தான்.

சிறு விவசாயிகளில் பலருக்குச் சொந்த டிராக்டர் கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி அமர்த்துகிறார்கள். காலையில் ஒருவர் வயல். மதியம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வயல். நடுவில் அரை மைல் தார் ரோடு. அதற்காகச் சக்கரத்தை மாற்றுவது என்றால் லேசா? ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். நட்டுகளைக் கழற்ற வேண்டும். நெஞ்சு உயர டயரை இரண்டு ஆட்கள் உருட்டி வந்து பூட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு வாடகை யார் கொடுப்பது?

இட்டேரி எங்கே போயிற்று?

கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்கு இட்டேரி நன்றாக நினைவு இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் மண் தடம். இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டிகள் அந்த வழியேதான் தோட்டத்துக்குப் போகும், வரும். சக்கரம் பள்ளம் போட்டாலும் கேட்பார் இல்லை. மண்தானே!

இன்று பல இட்டேரிகள் தார் ரோடு ஆகிவிட்டன. சில, வேலியோடு சேர்த்துத் தோட்டத்துக்குள் போய்விட்டன. இரும்புச் சக்கரம் போக இருந்த வழி போய்விட்டது. சக்கரம் ரோட்டுக்கு வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு டிராக்டர்காரரை மட்டும் திட்டுவது பாதி நியாயம்தான்.

கட்டை வண்டிக்கும் தார் ரோட்டுக்கும் முன்பே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. மோட்டார் ஓட்டத்துக்குப் போட்ட ரோட்டை வண்டிப் பட்டா அறுக்கிறது என்று என்ஜினீயர்கள் அலுத்துக்கொண்டார்கள். தீர்வு எப்படி வந்தது? டயர் வண்டி வந்தது. அதே ஜோடி மாடு அதிகப் பாரம் இழுத்தது. லாபம் தெரிந்ததும் வண்டிக்காரர் தாமாகவே பட்டாவைக் கைவிட்டார்.

அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போனது

வெளிநாட்டிலும் இந்தத் தகராறு உண்டு. குறுகிய சக்கரம் ரோட்டை வெட்டுகிறது என்று 1753-லேயே இங்கிலாந்துப் பார்லிமெண்டு சட்டம் போட்டது. சுங்கச் சாலையில் வரும் பார வண்டிகளின் சக்கரம் 9 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்றது.

அமெரிக்காவில் டிராக்டர்களுக்கு முதலில் இரும்புச் சக்கரம்தான். 1932-ல் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி ரப்பர் டயர் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விவசாயிகள் நம்பவில்லை. கம்பெனி விடுமா? கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்டுபீல்டை டிராக்டரில் ஏற்றி, 1933-ல் மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டியது!

அப்படியும் ஒரு கூட்டத்தார் இரும்பை விடவில்லை. மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் பழைய கட்டுப்பாடு உள்ளவர்கள் அவர்கள். ரப்பர் டயர் போட்டால் டிராக்டரையே கார்போல டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று அவர்களுக்குப் பயம். அயோவா மாநிலத்தில் மிட்செல் கவுண்டி நிர்வாகம், இரும்புச் சக்கரம் ரோட்டில் வரக்கூடாது என்று 2009-ல் தடை போட்டது. வழக்கு அயோவா உச்ச நீதிமன்றம் வரை போனது. பனியில் வழுக்காமல் இருக்கப் பள்ளிக்கூட பஸ் டயரில் இரும்பு ஆணி போடலாமாம். இவர்களுக்கு மட்டும் தடையா என்ற கேள்வி வந்தது. 2012-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆயிற்று.

தடையா, வழியா?

தெலங்கானாவில் கேஜ் வீலோடு தார் ரோட்டுக்கு வந்தால் அபராதம் என்று அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். வெறும் கேஜ் வீலைத் தார் ரோட்டில் ஓட்டுவது தப்பு. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஊர்ப் பணத்தில் போட்ட ரோடு அது. ஆனால் தடை மட்டும் போட்டால், பகலில் வராத டிராக்டர் இரவில் வரும்!

டயரைக் கழற்றாமல், அதன் பக்கத்தில் பூட்டுகிற அரைக் கேஜ் வீலும் இருக்கிறது. அதன் வட்டம் டயரைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால், ரோட்டில் டயர்தான் சுமக்கும். இரும்பு தரையில் படாது. சேற்றில் டயர் அமுங்கியதும் இரும்பு வேலையைத் தொடங்கும். ஆழச் சேற்றில் முழுக் கூண்டு அளவுக்கு இது இழுக்காது என்பது உண்மை. அப்படிப்பட்ட வயல்களுக்கு டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதே வழி. ஏற்றி இறக்க, வயல் ஓரத்தில் இடுப்பு உயர மண் மேடு போதும்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணி வாடகைக்கு விடுகிறது. நடவு நாட்களில் டிராக்டரோடு டிரெய்லரையும் சேர்த்து ஒரே வாடகையாக நிர்ணயம் செய்தால், தனியார் டிராக்டர்களும் அந்தக் கணக்குக்கு வரக்கூடும். மண் மேடு போடுவதைப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு மேடு போட இரண்டு டிப்பர் மண் ஆகுமா? பெயர்ந்த ரோட்டைத் திரும்பப் போடும் செலவில் ஒரு மூலைக்கு அது காணாது.