முயல் வளர்ப்பும் முனிசிபல் நோட்டீசும்

பிராணிகளுள் சாதுவானது எது என்று குழந்தைகளைக் கேட்டால், பெரும்பாலும் முயல் என்றே விடை வரும். நாயைப் போல அது குரைப்பதில்லை. சேவலைப் போல விடியுமுன் கூவி எவர் உறக்கத்தையும் கெடுப்பதில்லை. ஒரு பிடி புல்லும் ஒரு மூலை நிழலும் கிடைத்தால் போதுமென்று இருக்கும் ஜீவன் அது. அத்தகைய பிராணியின் பொருட்டு அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலும், வீட்டுச் சொந்தக்காரரின் சினமும், முடிவில் மாநகராட்சியின் நோட்டீசும் வந்து சேரும் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் வரத்தான் செய்கின்றன. டில்லி போன்ற பெருநகரிலே, வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு முயல் வளர்க்க விரும்பும் நம்மவர்கள் இதனை முன்னதாகவே அறிந்திருத்தல் நலம்.

தொடக்கம் எப்போதும் எளியதாகவே இருக்கிறது. ஜும்மா மசூதிக்கு அருகிலுள்ள பறவைச் சந்தையிலே குழந்தை அடம் பிடிக்கிறது. தந்தை ஒரு ஜோடி வெள்ளை முயல்களை வாங்கித் தருகிறார். பர்ஸாத்தியை ஒட்டிய திறந்த மாடியில் கூண்டு ஒன்று எழுகிறது. இதன் பின்னர் நிகழ்வது இயற்கையின் கணக்கு. முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள். ஓர் ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் வரை பிறக்கும். ஈன்ற ஓரிரு நாட்களிலேயே தாய் மீண்டும் சினைப்பட வல்லது. குட்டிகளும் ஐந்தாறு மாதங்களில் தாமே ஈனும் பருவத்தை எய்திவிடுகின்றன. தை மாதத்தில் வாங்கிய ஒரு ஜோடி, இரண்டு மாதங்களுக்கு ஓர் ஈற்று என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஆடி பிறப்பதற்குள் இருபதை எட்டிவிடும்.

இருபது முயல்களை எவரும் விளையாட்டுக்காக வைத்திருப்பதில்லை. முதலில் தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிறகு ஒருவர் தாமாகவே விலை கொடுக்க முன்வருகிறார். அப்பணம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ, ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டுக்கோ உதவுகிறது. "இதனையே சற்று முறையாகச் செய்தால் என்ன?" என்ற எண்ணம் இல்லத்தரசிக்கு எழுவது இயல்பே, அதில் குற்றம் யாதொன்றும் இல்லை. ஆனால் அன்புக்காக வளர்ப்பது முடிந்து விற்பனைக்காக வளர்ப்பது தொடங்கும் அந்த இடத்திலேதான் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. தாம் அக்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்பதை அறியாதிருப்பதே பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலகாரணம்.

சட்டத்தின் கண்ணில் நான்கு கால்

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவரைப் பற்றி நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. டில்லி மாநகராட்சிச் சட்டமோ முயலுக்கு நான்கு கால் என்பதில் உறுதியாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 417-ஆம் பிரிவு, குதிரை, கால்நடை முதலியவற்றையும் ஏனைய நாற்கால் பிராணிகளையும் பறவைகளையும், விற்பனைக்காகவோ வாடகைக்காகவோ அவற்றின் விளைபொருளை விற்பதற்காகவோ ஓர் இடத்தில் வைத்திருப்பதற்கு மாநகராட்சியின் லைசென்ஸ் வேண்டும் என்கிறது. முயல் என்ற சொல் அப்பிரிவிலே இல்லை. ஆயினும் நாற்கால் பிராணி என்னும் சொல்லுக்குள் அது அடங்கிவிடுகிறது.

குழந்தையின் மகிழ்ச்சிக்காக வைத்திருக்கும் இரண்டு முயல்கள் இப்பிரிவுக்குள் வாரா. குட்டிகளை விலைக்குக் கொடுக்கும் கூண்டு வரும். அவ்வாறு லைசென்ஸ் இன்றி வைத்திருப்பவற்றைக் கைப்பற்றி அப்புறப்படுத்த 418-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அதற்கான செலவை அப்பிராணிகளை ஏலமிட்டு ஈடு செய்யவும் இடமுண்டு. உரியவர் விரைந்து வந்து செலவுகளைச் செலுத்தினால் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜூன் மாத வெயிலிலே திறந்த வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் முயல்களுள் எத்தனை உயிருடன் திரும்பும் என்பதை வளர்ப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

மற்றொரு விதியும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட செல்லப்பிராணிக் கடை விதிகள், நாய், பூனை ஆகியவற்றுடன் முயலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. இவ்விதிகளின்படி விற்பனை செய்வோர் மாநிலப் பிராணிநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடை என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கமோ மிக விரிவானது. பிராணிகளை விற்பனைக்காக வைத்திருக்கும் எந்த இடமும், வாரச் சந்தையும், இணைய வழி விற்பனையும் அதனுள் அடங்கும். "எங்களுக்குக் கடை இல்லையே, வீட்டில்தானே விற்கிறோம்" என்ற சமாதானம் ஆய்வாளரிடம் செல்லாது போகக்கூடும்.

இறைச்சிக்காக வளர்க்க எண்ணுவோர் மேலும் ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கு உரிய பிராணிகளின் பட்டியலில் முயல் இடம்பெறவில்லை. 2014-இல் அப்பட்டியலைக் கண்டிப்பாகப் பின்பற்றுமாறு உத்தரவு வந்தபோது, கேரளத்தில் முயல் பண்ணை நடத்தியவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். பின்னரே வளர்ப்பு முயல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிராணியின் மீது எந்தக் குறையும் இல்லாதிருந்தும், ஒரு பட்டியலில் ஒரு சொல் விடுபட்டதால் பல குடும்பங்களின் ஜீவனம் ஆட்டம் கண்டது. அன்றியும், நகர எல்லைக்குள் வீட்டிலே அறுத்து விற்பது 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளுக்கு முரணானது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒரு சொல், இரு பிராணிகள்

தமிழில் முயல் என்கிறோம். இந்தியில் கர்கோஷ் என்கிறார்கள். கழுதைக் காது என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. இரு மொழியிலும் காட்டு முயலுக்கும் கூண்டு முயலுக்கும் பெயர் ஒன்றே. இதனால் ஒரு பெருங்குழப்பம் விளைகிறது. நம் நாட்டுக் காடுகளிலும் கரம்பு நிலங்களிலும் ஓடித் திரியும் கரும்பிடரி முயல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கூண்டில் வளர்வதோ ஐரோப்பாவிலிருந்து வந்த வேறோர் இனம். அதனை வைத்திருப்பதற்கு அச்சட்டம் தடையாக நிற்பதில்லை.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. காட்டு முயலின் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது. வளர்ப்பு முயலின் குட்டி உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறந்து, ஏறக்குறைய பத்து நாட்களுக்குப் பின்னரே கண் விழிக்கிறது. முன்னது வளை தோண்டி வாழ்வதில்லை. பின்னது மண் கிடைத்தால் தோண்டாமல் இராது. விண்ணப்பம் எழுதும்போது முயல் என்று மட்டும் எழுதாமல், நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, அங்கோரா என்றவாறு இனத்தின் பெயரையும் சேர்த்து எழுதுவது நன்று. வாங்கிய இடத்தின் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

நல்ல இனமும் தக்க ஆலோசனையும் வேண்டுவோர் ஊருக்குச் செல்லும் போது கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் சென்று வரலாம். ராஜஸ்தானத்து அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை அங்கே முயல் இனங்களை வளர்த்து ஆராய்ந்து வருகிறது.

புகார் பிறக்கும் இடம்

அண்டை வீட்டார் முயலின் மீது புகார் சொல்வது அரிது. அவர்கள் சொல்வதெல்லாம் நாற்றத்தைப் பற்றியே. முயலின் சிறுநீர் தேங்கினால் அம்மோனியா வாடை கிளம்பும். அதிலுள்ள சுண்ணச் சத்து தரையிலும் சாக்கடைக் குழாயிலும் வெண்மையாகப் படிந்துவிடும். மாடியைக் கழுவிவிட்ட நீர் கீழ்வீட்டு பால்கனியில் சொட்டும், உலர்த்திய துணியில் உரோமம் ஒட்டும், ஈ மொய்க்கும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளுமாறு எந்த அண்டை வீட்டாரையும் நாம் கேட்க இயலாது. சென்னையில் நம் வீட்டின் மேல்தளத்தில் இவ்வாறு நடந்தால் நாமும் குரல் எழுப்பத்தானே செய்வோம்?

பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. கூண்டின் அடியில் மரத்தூள் பரப்பிய தட்டு வைத்து நாள்தோறும் அகற்ற வேண்டும். புழுக்கையை மூடிய வாளியில் சேர்த்தால் பூந்தொட்டிகளுக்கு நல்ல எருவாகும். புகார் சொல்லும் அண்டை வீட்டம்மாளே அதனைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் கூடும். கூண்டில் நெருக்கம் கூடாது. தாராளமாக அசைய இடமற்ற கூண்டில் பிராணியை அடைத்து வைப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அச்சட்டம் பிறப்பதற்குப் பெரிதும் பாடுபட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதும், அதன் பயனாக 1962-இல் அமைந்த பிராணிநல வாரியத்தின் முதல் தலைவர் அவரே என்பதும் தமிழர்களாகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கவை.

டில்லியின் கோடையோ முயலுக்குப் பெரும் சோதனை. அது நம்மைப் போல வியர்ப்பதில்லை. உடற்சூட்டைத் தன் நீண்ட காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி காயும் மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் பிழைப்பது கடினம். வெட்டிவேர்த் தட்டியும், நனைத்த சாக்கும், மண் சட்டியில் குளிர்ந்த நீரும் இன்றியமையாதவை. இவற்றுக்கு வசதியில்லாதவர் முயல் வளர்ப்பில் இறங்காதிருப்பதே அப்பிராணிக்குச் செய்யும் கருணை.

நோட்டீசு வந்தால்

நோட்டீசு பெரும்பாலும் இந்தியில் இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று அதனை அலமாரியில் வைத்துவிடுவது பெருந்தவறு. தெரிந்த ஒருவரிடம் அன்றே காட்டி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, விடையளிக்க எத்தனை நாள் என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் இல்லை என்பது குற்றச்சாட்டானால் ஒன்று விண்ணப்பிக்க வேண்டும். அன்றேல் விற்பனையை நிறுத்தி, முயல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அதனை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அசுத்தம் என்பது குற்றச்சாட்டானால் செய்த சீர்திருத்தங்களைப் புகைப்படத்துடன் எழுதி, நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்.

சில சமயம் பொதுத்தொல்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் புகார் போகலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. இதன்படி முதலில் வருவது நிபந்தனை உத்தரவே. தொல்லையை அகற்றலாம்; அன்றி நேரில் ஆஜராகி, உத்தரவு ஏன் கூடாது என்று காரணம் காட்டலாம். பேசாமல் இருந்துவிடுவதுதான் கூடாது.

குடியிருப்போர் சங்கம் "பிராணிகளே கூடாது" என்று தீர்மானம் போட்டால் என்ன செய்வது? பெரும்பான்மை இருப்பினும் செல்லப்பிராணிகளை அடியோடு தடை செய்யச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பிராணிநல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விடுத்துள்ளது. அது முதன்மையாக நாய்களைக் கருதி எழுதப்பட்டது. செல்லமாக வளர்க்கும் இரண்டொரு முயலுக்காக அதனை எடுத்துக்காட்டலாம். மாடி நிறைய அடுக்கிய விற்பனைக் கூண்டுகளுக்கு அது கேடயமாகாது. வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது உத்தமம்.

அரசாங்க ஊழியர்களின் இல்லங்களுக்கு ஒரு சொல். 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளுள் 15-ஆம் விதிப்படி, முன் அனுமதியின்றி ஊழியர் எவ்வகை வியாபாரத்திலும் ஈடுபடுதல் ஆகாது. குடும்பத்தினர் வியாபாரம் செய்தாலும் அதனை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். முயல் விற்று வரும் சிறு தொகைக்காக நல்ல உத்தியோகத்தில் விசாரணை எழ இடம் கொடுப்பது விவேகமன்று. ஆபீசுக்கு எழுதும் ஒரு கடிதம் அந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

இவ்வளவையும் படித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. முயல் வளர்ப்பு கௌரவமான தொழிலே. பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியதும் ஆகும். இரண்டு காரியங்களைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் பெரும்பகுதித் தொல்லை தீரும். ஆண் முயலையும் பெண் முயலையும் தனித்தனிக் கூண்டில் வைத்து, எத்தனை குட்டிகளுக்கு இடமும் உணவும் வாங்குவோரும் உண்டோ அத்தனைக்கு மட்டும் ஈனச் செய்யுங்கள். முதற் குட்டியை விலைக்குக் கொடுப்பதற்கு முன்பாக மாநகராட்சி அலுவலகத்துக்கு ஒரு நடையும், பக்கத்து வீட்டுக் கதவுக்கு ஒரு நடையும் சென்று வாருங்கள். "ஏதேனும் இடைஞ்சல் இருந்தால் எங்களிடமே சொல்லுங்கள், பெஹன்ஜி" என்று நாம் முதலில் கூறிவிட்டால், அந்தப் புகார் அலுவலகத்துக்குப் போகாமல் நம் வாசற்படிக்கே வந்து சேரும். அங்கே வரும் புகாரை ஒரு வாளித் தண்ணீராலும் ஓர் இன்சொல்லாலும் தீர்த்துவிடலாம்.