மாற்று எண்ணெய்க்கு ஓர் உரைகல்

தமிழில் ‘மாற்று’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்றற்குப் பதிலாக வைக்கப்படுவது மாற்று. பொன்னின் தரத்தைக் குறிக்கும் அளவும் மாற்று. பொற்கொல்லர் நகையை உரைகல்லில் தேய்த்து, அங்குப் படியும் கோட்டைத் தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பார். இன்று சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளில் அவ்வேலையை 916 என்னும் முத்திரை செய்கிறது. ஹைப்ரிட் காரின் கியர் பெட்டிக்கு மாற்று எண்ணெய் தேடுவோர்க்கு இச்சொல்லின் இரு பொருள்களும் தேவை. ஒன்றற்குப் பதில் மற்றொன்றை ஊற்றும் முன் அதன் மாற்றுக் காண வேண்டும். எவ்வாறு காண்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எண்ணெய் சிறிய பொருள்தானே என்று சிலர் கருதலாம். சிங்கப்பூரில் அது சிறிய பொருளன்று. 1990ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வாகன ஒதுக்கீட்டு முறையின்படி, கார் வாங்குவோர் 10 ஆண்டுகளுக்குரிய வாகன உரிமைச் சான்றிதழைப் பெற வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ்க் கட்டணம் 106,000 வெள்ளியைத் தொட்டது. கியர் பெட்டி பழுதாகிக் கார் பட்டறையில் நிற்கும் நாள்களிலும் அச்சான்றிதழின் காலம் கரைந்துகொண்டே இருக்கும். டாக்சி அல்லது தனியார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்க்கு அந்நாள்கள் வருமானமற்ற நாள்கள். மேலும், 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய்மையான ஆற்றலில் இயங்குபவையாக இருக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். ஹைப்ரிட் கார்களும் அவ்வகையில் அடங்கும்.

எந்த எண்ணெய் என்று முடிவு செய்யும் பொறுப்பு முன்னினும் அதிகமாக இன்று உரிமையாளரிடம் இருக்கிறது. முன்பு, தங்களிடமோ தாங்கள் குறிப்பிட்ட பட்டறைகளிலோ பராமரிக்கப்படாத காருக்கு உத்தரவாதம் செல்லாது என்று கார் விற்பனை நிறுவனங்கள் நிபந்தனை விதித்துவந்தன. சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதன் பயனாக அந்நிபந்தனைகள் நீக்கப்பட்டன என்னும் அறிவிப்பு 2017 டிசம்பரில் வெளிவந்தது. ஆகவே வெளிப் பட்டறைக்குச் செல்வதால் மட்டும் உத்தரவாதம் போய்விடாது. ஆனால் பழுது அப்பட்டறை செய்த வேலையால் விளைந்தது என்றால் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். தவறான எண்ணெய் அத்தகைய வேலைகளுள் ஒன்று.

இனி, எண்ணெய் கியர் பெட்டிக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வழக்கமான தானியங்கிக் கியர் பெட்டியில் அது நான்கு பணிகளை ஆற்றுகிறது: பல்சக்கரங்களின் தேய்மானத்தைத் தடுக்கிறது; வெப்பத்தை அகற்றுகிறது; அழுத்தத்தைக் கடத்தி வால்வுகளை இயக்குகிறது; கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்றும்போது வேண்டிய உராய்வை அளிக்கிறது. ஹைப்ரிட் காருக்கு வரும்போது இப்பட்டியல் மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பது காருக்குக் கார் வேறுபடும்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் டாக்சிகளாக ஓடிய இரு கார்களையே சான்றாகக் கொள்வோம். டொயோட்டா பிரியஸ் காரில் இரண்டு மின்மோட்டார்களும் கோள் பல்சக்கரத் தொகுதியும் ஒரே பெட்டிக்குள் அமைந்துள்ளன. சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல நடுச் சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றிவருவதால் அத்தொகுதிக்கு அப்பெயர். வழக்கமான கிளட்ச் தகடுகள் அதில் இல்லை. எனவே உராய்வைச் சீராக்கும் பணி எண்ணெய்க்குக் குறைகிறது. அதற்கு ஈடாகப் புதியதொரு பணி சேர்கிறது: மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருள்களின்மேல் படிந்து அவற்றைக் குளிர்விக்க வேண்டும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை உயரும். அங்கு ஊற்றப்படும் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. செம்பை அரிக்கக் கூடாது. கம்பியின்மேல் பூசிய காப்பை இளக்கக் கூடாது. இக்காருக்கு டொயோட்டா குறிப்பிடுவது ஏடிஎஃப் டபிள்யூஎஸ் என்னும் எண்ணெய்.

ஹூண்டாய் அயோனிக் ஹைப்ரிட் காரும் ஹைப்ரிட்தான். ஆனால் அதில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கொண்ட 6 வேகக் கியர் பெட்டி. அதற்குரியது ஜிஎல்-4 வகையைச் சேர்ந்த 70 டபிள்யூ பல்சக்கர எண்ணெய். 70 என்னும் எண்ணைக் கண்டு அது மிகத் தடித்தது என்று எண்ணலாகாது. பல்சக்கர எண்ணெய்க்கான அளவுகோல் வேறு, இன்ஜின் எண்ணெய்க்கான அளவுகோல் வேறு. பல்சக்கர எண்ணெய்களில் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகச் சேர்மங்களைக் கலப்பதுண்டு. அவற்றுள் சில, சூடான செம்பை அரிக்கும். அயோனிக்கின் பெட்டிக்குப் பொருந்துவது பிரியஸின் பெட்டிக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மூன்றாவது சான்று, பெயரால் விளையும் குழப்பம். பிரியஸின் அமைப்பை இ-சிவிடி என்பர். 2009இல் வெளிவந்த ஹோண்டா இன்சைட் ஹைப்ரிட் காரில் இருப்பது சிவிடி. ஓர் எழுத்துதான் வேறுபாடு. உள்ளமைப்போ முற்றிலும் வேறு. பின்னதில் எஃகுப் பட்டை ஒன்று இரு கப்பிகளுக்கிடையே இறுகப் பற்றிச் சுழல்கிறது. பட்டை வழுக்காமல் பற்றுவதற்கென்றே அதன் எண்ணெய் தயாரிக்கப்படுகிறது. முன்னதில் பட்டையே இல்லை. சிவிடி என்னும் எழுத்துகளை மட்டும் பார்த்துப் பிரியஸுக்குச் சிவிடி எண்ணெயை ஊற்றுவது பெயரொற்றுமையை நம்பி மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பாகுநிலை என்பது எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தின் அளவு. நம் நாடு வெப்பமானது, ஆகவே தடித்த எண்ணெயே நல்லது என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. பழைய டெக்ஸ்ரான்-3 வகை எண்ணெய்களின் பாகுநிலை 100 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 7 சென்டிஸ்டோக். ஏடிஎஃப் டபிள்யூஎஸ் எண்ணெயின் அளவு 5க்கும் 6க்கும் இடைப்பட்டது. தடித்த எண்ணெய் பல்சக்கரங்களுக்கிடையே வலுவான படலத்தைத் தரும் என்பது உண்மையே. ஆயினும் அது கம்பிச் சுருள்களின் இடுக்குகளுக்குள் மெதுவாகவே புகும். வெப்பத்தை மெதுவாகவே எடுத்துச்செல்லும். சக்கரங்களின் சுழற்சியை எதிர்த்து எரிபொருளையும் வீணாக்கும். குளிர்விப்பதே முதன்மைப் பணியாக உள்ள இடத்தில் தடிமன் நன்மையாகாது.

இவ்வளவும் அறிந்தபின் கடையில் எண்ணெய்க் கலனைக் கையில் எடுக்கிறோம். அதன்மேல் உள்ள சொற்களே இனி நமக்கு உரைகல். அச்சொற்கள் பெரும்பாலும் மூன்று படிகளில் அமையும். ‘உரிமம் பெற்றது’ என்றால், கார் நிறுவனம் அவ்வெண்ணெயைச் சோதித்தோ சோதனை முடிவுகளைப் பார்த்தோ ஒப்புதல் தந்துள்ளது. டெக்ஸ்ரான்-6 எண்ணெய்க் கலன்களில் ஜெனரல் மோட்டார்ஸ் வழங்கும் உரிம எண் இருக்கும். நகையில் உள்ள 916 முத்திரைக்கு இது நிகரானது. ‘இத்தரத்தின் தேவைகளை நிறைவு செய்கிறது’ என்றால், அது எண்ணெய் நிறுவனம் தானே அளிக்கும் வாக்குறுதி. ‘இவ்வகைக் கார்களில் பயன்படுத்த ஏற்றது’ என்றால், அது பரிந்துரை மட்டுமே. கார் நிறுவனம் அதில் எதுவும் சொல்லவில்லை. முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஜப்பானிய நிறுவனங்களின் எண்ணெய்கள் பலவற்றிற்கு வெளியார் காணக்கூடிய உரிம எண் இல்லை. ஆகவே அங்கு இரண்டாம் படியே நமக்குக் கிட்டும் உயர்ந்த சான்றாக அமையும்.

ஒரே கலனில் பதினைந்து, இருபது தரங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பதையும் காணலாம். ஒன்றோடொன்று முரண்படும் உராய்வுத் தேவைகளை ஒரே எண்ணெய் நிறைவு செய்வது அரிது. பட்டியல் நீளுந்தோறும் நம் ஐயமும் நீள வேண்டும்.

எனவே மாற்று எண்ணெய் தேர்வோர் பின்பற்றத்தக்க வரிசை இதுவாகும். முதலில் காரின் கையேட்டைப் பார்த்து, பெட்டியின் வகையையும் எண்ணெயின் தரப் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான கார்களில் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கக்கூடும். அதைப் படித்துச் சொல்லவல்லார் துணையை நாட வேண்டும். அடுத்து, அத்தரப் பெயர் கலனில் எழுத்துக்கு எழுத்து உள்ளதா, எப்படியில் உள்ளது என்று பார்க்க வேண்டும். பின்பு, எண்ணெய் நிறுவனத்தின் தரவுத் தாளில் 100 டிகிரிப் பாகுநிலையைக் கார் நிறுவன எண்ணெயோடு ஒப்பிட வேண்டும். பழைய எண்ணெயோடு புதிய வகையைக் கலக்காதிருக்க வேண்டும். இறுதியாக, எண்ணெயின் பெயரும் நாளும் குறித்த ரசீதைப் பட்டறையில் கேட்டுப் பெற வேண்டும். உத்தரவாதம் குறித்து வினா எழுந்தால் அத்தாளே சாட்சி.

இச்சோதனைகளில் தேறிய மாற்று எண்ணெயை அஞ்ச வேண்டியதில்லை. கார் நிறுவனத்தின் பெயர் தாங்கிய எண்ணெயும் பெரும்பாலும் ஓர் எண்ணெய் நிறுவனம் தயாரித்துத் தருவதே. தேறாத எண்ணெயோ மலிவானது என்பதற்காக ஏற்கத்தக்கதன்று. அதன் தீமை ஊற்றிய அன்று தெரியாது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னரே வெளிப்படும். அப்போது சேமித்த சில வெள்ளிகள் நினைவிலும் இரா.

மாணவர்கள் இதனை ஒரு வகுப்பறைப் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். ஏதேனும் ஓர் எண்ணெய்க் கலனின் சொற்களை எழுதி, ‘உரிமம்’, ‘வாக்குறுதி’, ‘பரிந்துரை’ என மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். சொல்லின் பொருளை நுணுகி அறியும் பழக்கம் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்புக்குத் துணையாகும் வாகனத்தைக் காக்கவும் அது பயன்படும்.