400 பேர் சொன்ன நல்ல வார்த்தை... ஒருவர் சொன்ன உண்மை!

"சிஸ்டர், உங்களை மாதிரி விசுவாசத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இந்த வருஷமே ஆண்டவர் உங்களுக்குச் சொந்த வீடு தரப்போறார். காணிக்கையை மட்டும் இன்னைக்கே அனுப்பிடுங்க!"

இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தால் மனசு குளிரத்தானே செய்யும்? ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. ஆதாயத்துக்காக இனிக்க இனிக்கப் பேசுவதைத் தமிழ் வேதாகமம் 'இச்சகம்' என்கிறது. அதில் மயங்கி உயிரையே விட்ட ராஜா ஒருவரின் கதை, 1 இராஜாக்கள் 22-ம் அதிகாரத்தில் இருக்கிறது.

ராஜாவுக்குப் பிடிக்காத ஒருவர்

இஸ்ரவேலின் ராஜா ஆகாப், சீரியர் வசம் இருந்த ராமோத்தை மீட்கப் போருக்குப் போக ஆசைப்பட்டார். 400 தீர்க்கதரிசிகளைக் கூட்டிக் கேட்டார். "போங்க, ஜெயம் உங்களுக்குத்தான்" என்றார்கள் அத்தனை பேரும்.

உடனிருந்த யூதாவின் ராஜா யோசபாத்துக்கு மட்டும் நெருடல். வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். மிகாயா என்று ஒருவர் இருப்பதாகவும், தன்னைப் பற்றி நல்லதே சொல்லாததால் அவரைப் பிடிக்காது என்றும் சொன்னார் ஆகாப்.

அழைக்கப் போனவர், 'எல்லாரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லிவிடும்' என்று மிகாயாவிடம் சொல்லிப் பார்த்தார். அவரோ, இஸ்ரவேலர் மேய்ப்பன் இல்லாத ஆடுகளாய்ச் சிதறுவதைக் கண்டதாகச் சொன்னார். கிடைத்தது கன்னத்தில் அறையும், சிறையும்!

ஆனால் ஆகாப் போருக்குப் போனது மாறுவேடத்தில். அப்படியென்றால், மிகாயா சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் அவருக்குள் இருந்திருக்கிறது. இருந்தும் ஆசைதான் ஜெயித்தது. யாரோ குறிபார்க்காமல் எய்த அம்பு, கவசத்தின் இடைவெளியில் பாய்ந்தது. சாயங்காலம் ராஜா இறந்துபோனார்.

கேட்டுப் பார்க்க 3 கேள்விகள்

1. இதைச் சொல்வதால் யாருக்கு லாபம்? அந்த 400 பேருக்கும் ராஜாவின் தயவு கிடைத்தது. மிகாயாவுக்குக் கிடைத்தது இழப்பு மட்டுமே. அதற்காகக் கடுமையாகப் பேசுவதெல்லாம் உண்மை ஆகிவிடாது. அதையும் சோதிக்கத்தான் வேண்டும்.

2. சரிபார்க்க விடுகிறார்களா? பெரோயா ஊர் மக்கள், பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரம் அவர்களைப் பாராட்டவே செய்கிறது. 'சந்தேகப்பட்டால் ஆசீர்வாதம் போய்விடும்' என்று யாராவது பயமுறுத்தினால் உஷாராகிவிடுங்கள்.

3. நான் எதைக் கேட்க ஆசைப்படுகிறேன்? இதுதான் கஷ்டமான கேள்வி. இச்சகம் பேசுபவர் முதலில் தெரிந்துகொள்வது நம் ஆசையைத்தான். வீடு இல்லாதவருக்கு வீடு, பிள்ளை இல்லாதவருக்குப் பிள்ளை என்று ஆளுக்கேற்றபடி வாக்குறுதி மாறும்.

அடுத்த முறை யாராவது உங்களை உச்சி குளிரப் புகழ்ந்து பணம் கேட்டால், ஒரு நாள் பொறுங்கள். முகத்துக்கு நேரே உண்மை பேசும் ஒருவரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். அது அம்மாவாக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். அவர் சொல்வது பிடிக்காமல்கூடப் போகலாம். ஆகாப்புக்கும் மிகாயாவைப் பிடிக்கவில்லைதான்!