மீன் தொட்டி மணலில் கபில நிறப் பாசி

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் மூன்றாம், நான்காம் கிழமையளவில் ஒரு கவலை வந்துவிடும். வெள்ளை வெளேரென்று கிடந்த மணலின் மேல் கோப்பித் தூளைத் தூவிவிட்டதுபோல் கபில நிறம் படரத் தொடங்கும். சில நாட்களில் கல்லிலும் கண்ணாடியிலும் ஏறிவிடும். பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்து வாங்கிய மீன்களாயிற்றே என்று வாப்பா பதறுவார். தொட்டியை முற்றத்தில் இறக்கி, மணலை வாளியில் கொட்டி, கிணற்று நீரில் பளிச்சென்று அலசி, எல்லாவற்றையும் புதிதாக அமைப்பார். ஒரு கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். உம்மா பாசியைத் திட்டுவார்.

மீனைக் கொன்றது பாசி அல்ல, அந்த அலசல்தான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்ற நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கிறது. மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் பக்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருகி நிலைபெற ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கும். கிணற்று நீரில் அலசும்போது அந்த உழைப்பாளிகளில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. கோமாளி மீன் போன்ற சிலவற்றைத் தவிரக் கடையில் வாங்கும் கடல்மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, பவளப் பாறைகளில் பிடிக்கப்பட்டவை. ஒரு பதற்றத்தின் விலை அந்தப் பாறை வரைக்கும் போகிறது.

சரி, இந்தக் கபிலப் பாசி என்னதான்? பெரும்பாலும் அது டயட்டம் என்னும் ஒற்றைக்கல உயிர். இரண்டு மூடிகள் கொண்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தன்னைச் சுற்றித் தானே கட்டிக்கொள்ளும். கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காதான் அதன் வீட்டுக்கும் கல், சாந்து எல்லாம். உலகில் உற்பத்தியாகும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றால் வருகிறது. 1867இல் அல்பிரட் நோபெல் டைனமைற்றுக்குக் காப்புரிமை பெற்றாரே, நைத்திரோகிளிசரினை உறிஞ்சிப் பிடித்துவைக்க அவர் பயன்படுத்திய மண்கூட மடிந்த டயட்டங்களின் ஓடுகள்தான். அற்பமான பிராணி அல்ல.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் போகிறவர்கள் சாம்பல்தீவுப் பாலத்தைக் கடக்கும்போது களப்பைப் பார்த்திருப்பார்கள். இத்தகைய களப்புகளின் ஆழமில்லாத ஓரங்களில், சேற்றின் மேல் வெயில் நேரத்தில் பொன்னும் கபிலமும் கலந்த பூச்சு ஒன்று தெரியும். அதுவும் டயட்டம்தான். அங்கே அதை யாரும் தொல்லை என்று சொல்வதில்லை. மணலை மீன் சேற்றை வாயால் அள்ளிச் சலித்து இதைத் தின்கிறது. சிறு நத்தைகள் இதையே மேய்கின்றன. களப்பில் தின்ன ஆள் இருக்கிறது, புதுத் தொட்டியில் இல்லை.

இன்னொரு வித்தியாசம் தண்ணீர். கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தொட்டிக்கு உப்பு வாங்கும் செலவு மிச்சம். ஆனால் நம் பக்கத்து வெயிலில் தொட்டி நீர் நாளும் ஆவியாகும். உப்பு ஆவியாகாது என்பதால் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். வினை அங்கேதான் நுழைகிறது. கடலின் மேற்பரப்பு நீரில் சிலிக்கா பெரும்பாலும் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. உலக ஆறுகளில் சராசரி 10 மில்லிகிராம் அளவு. நிலத்தடி நீரில் பெரும்பாலும் அதைவிடக் கூட. 100 லீற்றர் தொட்டிக்குத் தினம் ஒரு லீற்றர் கிணற்று நீர் ஊற்றுகிறீர்கள், அதில் 20 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். மாதத்தில் 600 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். நீர் ஆவியாகிப் போகும். சிலிக்கா போக வழியில்லை. டயட்டத்துக்குத் தினமும் விருந்து!

ஆகவே ஊற்றும் நீரை மாற்றுங்கள். சிறுநீரக நோய்க்குப் பயந்து அநுராதபுரம் பக்கம் ஊர் ஊராக ஆர்.ஓ. நீர் நிலையங்கள் வைத்திருக்கிறார்களே, அந்த வகை நீர் சிலிக்காவின் பெரும்பகுதியைக் கழித்துவிடும். குடிநீருக்காகக் கனிமம் சேர்த்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கொதிக்க வைத்து ஆற்றிய நீர் போதாதா என்று கேட்பார்கள். போதாது, கொதித்தால் கிருமிதான் சாகும், சிலிக்கா அப்படியே இருக்கும்.

கடல்நீர் எடுப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். வடகீழ்ப் பருவ மழையில் மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கொட்டுகிறது. ஓடைகளும் களப்புகளும் பெருக்கெடுத்துக் கடலுக்குள் பாய்கின்றன. அந்த மாதங்களில் கரைநீரில் உப்பு குறைந்து, வண்டலும் சிலிக்காவும் கூடும். சித்திரை தொடங்கி ஆவணி வரை கடல் தெளிந்திருக்கும்போது, களப்பு வாய்க்குத் தள்ளி எடுப்பதே நல்லது.

மணலைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். உண்மையில் குவார்ட்ஸ் மணல் மிக மெதுவாகவே கரையும். கழுவாத தூசிதான் கொஞ்சம் வேலை காட்டும். பவள மணல் என்று விற்றால் அதில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் சிலிக்கா மணல். புல்மோட்டைப் பக்கத்துக் கரைகளில் இல்மனைற்று கலந்த கறுப்பு மணல் உண்டு; காந்தத்தில் ஒட்டும். தொட்டிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எப்படியும் கரையிலிருந்து நினைத்தபடி மணல் அள்ள முடியாது. 1981ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலையிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

வந்துவிட்ட பாசியை என்ன செய்வது? மணலைக் கிளறாதீர்கள். கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றும்போது, மெல்லிய குழாயால் மேல் படலத்தை மட்டும் உறிஞ்சி வெளியேற்றுங்கள். டயட்டத்தின் ஓட்டோடு சிலிக்காவும் போய்விடும். தீனியைக் குறையுங்கள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மணல் மேயும் நத்தை நாலைந்து இருந்தால் பாதி வேலை அவை பார்க்கும். புதுத் தொட்டியில் பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும்.

கபிலமெல்லாம் டயட்டம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரல் பட்டதும் தூசியாகக் கலைந்தால் டயட்டம். கருஞ்சிவப்பாகச் சவ்வுபோல் உரிந்து வந்தால் அது சயனோபக்றீரியா. தீனி மிகுதியாலும் நீரோட்டம் இல்லாத மூலைகளாலும் வருவது. சளிபோல இழை இழையாகத் தொங்கி, நுனிகளில் காற்றுக் குமிழ் கோத்து, இரவில் மெலிந்து நண்பகலில் திரண்டு, கூடவே நத்தைகளும் செத்தால் டைனோபிளாஜலேற்று என்று சந்தேகப்படுங்கள். இவற்றில் சில நஞ்சுள்ளவை. 2005இல் இத்தாலியின் ஜெனோவாக் கரையில் ஒஸ்றியொப்சிஸ் என்ற இனம் பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்த ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவம் நாடினார்கள். அந்த இனம் வீட்டுத் தொட்டிகளிலும் வருவதுண்டு. எனவே வெறுங்கையால் தொடவேண்டாம், பிள்ளைகளைக் கை விட விடவேண்டாம். டயட்டத்துக்குச் சொன்ன வைத்தியம் இதற்குப் பொருந்தாது. நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் அறவே வற்றிய தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலையெடுக்கும். தீனியைக் குறைத்து நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் கூடும். சோதனைப் பெட்டியால் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் கைவைக்க வேண்டும்.